பதினாறு நிறத்தில் தெரியாத இடம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று இன்றும் தடுமாறுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற ஆள் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் எஸ்டேட் ஆபீசில் இருந்த கிளார்க்கம்மாவைப் பற்றி நாங்கள் இப்போது இருக்கும் வெள்ளக்கடை ஊரின் டீக்கடையில் இன்னும் ஒரு பேச்சு ஓடுகிறது: “அந்தம்மாவுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். மூடி மறைச்சுட்டாங்க.” அது உண்மையில்லை. ஒருநாள் மத்தியானம் ஆபீஸ் மேசையில், விரித்த செய்தித்தாள்மேல், இரண்டு பச்சை அட்டைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. அவற்றில் ஒன்றில் தெரியாதது மற்றொன்றில் தெரிந்தது. அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது, நாலு வருடம் ஆகிறது. மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். தபால் எடுப்பது, காப்பி போடுவது, கதவு பூட்டுவது என் வேலை. கிளார்க்கம்மா மிஷன் பள்ளியில் படித்து டைப்பும் கற்றவர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. முதலாளி வாங்கி வைத்த கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சர்வேயர் வரைந்து கொடுத்த எஸ்டேட் வரைபடம் அதில் இருந்தது. எந்தப் பக்கம் மருந்தடித்தது, எந்தப் பக்கம் பழம் பறித்தது என்று குறிக்க அவர் அதை அடிக்கடி திறப்பார். தோட்டம் பச்சை, ஓடை நீலம், ஜீப் பாதை சிவப்பு. ஓடைக்குக் கீழே, நாங்கள் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகள் இருக்கும் இடம் மட்டும் ஒன்றும் வரையாத வெள்ளை. வரைய விட்டுவிட்டார்கள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அந்த வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் இரண்டு ஆட்கள் வந்து லைன் வீடுகளின் மூலையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் எஸ்டேட்டில் திருவிழாவுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். அடிக்க வேண்டிய சுவருக்கு மேஸ்திரி முதலில் ஒரு பொட்டு வைப்பார். அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண்கள் சாமி படங்களைக் கழற்றினார்கள், பாத்திரங்களை வாசலில் அடுக்கினார்கள். என் மனைவி அடுப்புப் பக்கச் சுவரின் கரியைச் சுரண்டித் துடைத்தாள். வெள்ளையடிக்க யாரும் வரவில்லை. மூட்டை கட்டிய சாமானோடு காத்திருந்தோம். பனி இறங்கும்போது அந்தப் பொட்டுகள் மட்டும் பளிச்சென்று தெரியும். காரணம் இல்லாமலே எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், படம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்று சின்ன முதலாளி சொல்லி, சேலத்திலிருந்து மெக்கானிக் தம்பி பஸ்ஸில் வந்தார். கம்ப்யூட்டரைத் திறந்து, திரையில் படம் காட்டும் பழைய அட்டையைப் பிடுங்கிச் செய்தித்தாள்மேல் வைத்தார். பக்கத்தில் புதியதை வைத்தார். பழையது முழ நீளம், கறுப்புச் சில்லுகள் நெருக்கமாக. புதியது அதில் பாதி கூட இல்லை.

“சின்னதா இருக்குது, இது என்ன பண்ணிரும்?” என்றார் கிளார்க்கம்மா.

“மேடம், ஆளப் பாத்து எட போடாதீங்க. பழசுக்கு ஞாபகம் கால் எம்பி, புதுசுக்கு முழுசா ஒரு எம்பி. பழசு பதினாறு கம்பில அனுப்பும், இது முப்பத்திரண்டுல அனுப்பும். பழசுக்குத் தெரிஞ்ச நெறம் மொத்தமே பதினாறுங்க. இதுக்கு அறுபத்தஞ்சாயிரம்.”

“அத்தன நெறம் ஒலகத்துல இருக்குதுங்களா?” என்று நான் கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த அறையில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

புதியதை மாட்டி, சோதித்துப் பார்க்க அந்த வரைபடத்தைத் திறந்தார். பச்சை நாலைந்து பச்சையாகப் பிரிந்தது. ஓடைக்குக் கீழே வெள்ளையாக இருந்த இடம் வெளிறிய மஞ்சளாக இருந்தது. அதன்மேல் மெல்லிய வெளிர்சாம்பல் கோடுகள், கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு எண். நடுவில் அகலமாக ஒரு ரோடு. அது என் வீடு இருக்கும் இடத்தின் வழியாகப் போயிற்று. அந்தச் சுண்ணாம்புப் பொட்டு வெள்ளையடிக்க வைத்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கிளார்க்கம்மா கையிலிருந்த காப்பி டம்ளரை வைக்க மறந்தார். “இது நீங்க இப்பப் போட்டதுங்களா?”

“நான் எதுக்குங்க போடறேன்? படம் அதே பழைய படந்தான். இந்த வெளிறுன நெறமெல்லாம் பழசுக்குத் தெரியாது மேடம். வெள்ளைன்னு காட்டிட்டுப் போயிரும்.”

“பழச மறுபடி மாட்டுங்க. நான் பாக்கணும்.”

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். மஞ்சளும் கோடும் போய்விட்டன. வெள்ளை. மறுபடி புதியது, மறுபடி கட்டங்கள். கிளார்க்கம்மாவின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் மேனேஜர் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “ஏம்ப்பா, ஆபீசுக்குப் பழசே போதும். அதையே மாட்டிட்டுப் போ. புதுசு முதலாளி பங்களா கம்ப்யூட்டருக்கு இருக்கட்டும்” என்றார். நல்லதைக் கழற்றிப் பழையதை மாட்டச் சொன்ன ஆளை அன்றுதான் பார்ப்பதாக மெக்கானிக் தம்பி என்னிடம் பஸ் நிறுத்தத்தில் சொன்னார்.

அன்று சாயங்காலமே கிளார்க்கம்மா லைனுக்கு இறங்கி வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. பாத்திரங்களுக்கு நடுவே நின்று, லைனை மனை போட்டு விற்கப்போகிறார்கள் என்று, பார்த்ததைச் சொன்னார். பிறகு ஒருவர், “தெனமும் அந்தப் படத்தத் தொறந்து பாத்தீங்களே, இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதுங்களா?” என்றார். இன்னொருவர், “மொதலாளி அனுப்பிச்சு விட்டாரா?” என்றார். கிளார்க்கம்மா அழுதுவிடுவார் போலிருந்தது. நான் முன்னால் போய், அட்டையை மாற்றியதைச் சொன்னேன். கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. “அட்டைய மாத்துனா மஞ்சள் வருமாம்! இவுரு இஞ்சினியர் ஆயிட்டாருங்கோ” என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பழம் பறிக்கும் அக்கா ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: “ஏனுங்கம்மா, அந்தப் புதுசுலயாவது எங்க ஊடெல்லாம் தெரிஞ்சுதுங்களா?”

கிளார்க்கம்மா இல்லையென்று தலையாட்டினார். “இல்லீங்கக்கா. வெறும் மனைதான் தெரிஞ்சுது. அதுலயும் ஊடு ஒண்ணும் இல்ல.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மழைக்குள் லைன் காலியாயிற்று. வந்து சொன்னதற்காக அந்த மாதமே கிளார்க்கம்மாவின் வேலை போனது; சேலம் பஸ் ஏறினவர் பிறகு மலைக்கு வரவேயில்லை. நாங்கள் வெள்ளக்கடைக்கு வந்தோம். போன மாதம் சேலத்தில் மெக்கானிக் தம்பியைப் பார்த்தேன். இப்போது எட்டு எம்பி அட்டை வந்துவிட்டதாம், கோடி நிறம் காட்டுமாம். அந்தப் பழைய அட்டையை எடைக்குக்கூட வாங்கமாட்டார்களாம். ஊருக்குத் திரும்பினால் டீக்கடையில் அதே பேச்சு. எழுந்து சொல்ல அன்றும் வாய் வரவில்லை. பதினாறு நிறத்தில் அவருக்கு அது தெரியாது. தெரிந்த அன்றைக்கே, பொழுது சாயும் முன், எங்களிடம் நடந்து வந்து சொன்னார்.

எழுதியது, வெள்ளக்கடையில், ஐப்பசி மாதம் பதினான்காம் தேதி.