கனடா படிவத்தில் ஐந்தாவது பெயர்

வரிசையில் நிற்பதில் எங்கள் அருள்ராஜ் மாமாவை அடிக்க இந்தப் பூமியில் ஆள் கிடையாது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் நிற்கிற மொத்தக் கூட்டத்தையும் ஒரு பக்கம் விடுங்கள், மாமாவை மட்டும் இன்னொரு பக்கம் விடுங்கள். மாமா ஜெயித்துவிட்டு டீயும் குடித்திருப்பார்.

மன்னாரிலிருந்து பதினான்கு வயதில் படகேறி வந்தவர். அன்று முதல் திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்து அகதி முகாம்தான் வீடு. மாதம் இரண்டு தடவை செக்கிங் வரும். அதிகாரி பெயர் கூப்பிடும்போது ஆள் எதிரே நிற்க வேண்டும். தொடர்ந்து வராதவர் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிடுவார்கள். தில்லை நகரில் மூன்றாவது மாடிச் சாரத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாலும், செக்கிங் அன்று மாமா மூக்கில் வெள்ளையோடு வந்து நிற்பார்.

போன மாதம் கனடாவிலிருந்து அவருடைய அக்கா பேசினார். அங்கே அவர்கள் சர்ச் ஆட்கள் சிலர் சேர்ந்து தம்பி குடும்பத்தைப் பொறுப்பெடுத்து அங்கே கூப்பிடத் தயாராம். படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். பத்தாவதில் நான் பாஸான ஒரே பாடம் இங்கிலீஷ். ஆகவே முகாமில் நான்தான் வக்கீல்.

படிவம் எங்களைப் பைத்தியமாக்கியது. எந்த நாட்டுக் குடிமகன் என்றது. மாமா இலங்கை என்றார். திருச்சி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள்? இங்கே குடியுரிமை இல்லை, அங்கேயும் பிறப்பைப் பதியவில்லை. பானுமதி மாமி, "கோடு போட்டு விடு தம்பி" என்றார்.

இப்போது இருக்கிற நாட்டில் என்ன கஷ்டம் என்றது அடுத்த கேள்வி.

"நல்லாத்தானே இருக்கிறம்" என்றார் மாமா.

"அப்படிச் சொன்னா கூப்பிட மாட்டாங்க மாமா."

"நல்லா இல்லையெண்டு எழுதினா இங்க உள்ள ஆக்கள் கோவிக்க மாட்டினமோ?"

அந்தக் கட்டத்தை அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டினேன்.

குடும்பத்தார் எல்லோரையும் எழுது, கூட வராதவர்களையும் எழுது என்ற பக்கம் வந்தது. தான், மாமி, இரண்டு பையன்கள் என்று நான்கு பேரோடு மாமா நிறுத்திவிட்டார்.

"ஷெர்லின்?" என்றேன்.

ஷெர்லின் மூத்த மகள். என்னோடு பத்தாவது எழுதி எல்லாப் பாடத்திலும் பாஸானவள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள் செக்கிங்குக்கு வராததால் பெயர் அடிபட்டுப்போனது.

"பதிவில இல்லாத பிள்ளைய எழுதினா பொய்யெண்டு எல்லாரையும் அடிச்சுப்போடுவினம்" என்றார். முகாமில் அப்படித்தான். பெயர் கூப்பிடும்போது நிற்பவர்தான் குடும்பம்.

கீழே பொடி எழுத்தில் ஒன்று இருந்தது: இங்கே சொல்லாமல் விட்ட பிள்ளையைப் பின்னால் கூப்பிட்டுக்கொள்ள முடியாமல் போகலாம். மூன்று தடவை படித்தேன். மாமாவிடம் சொன்னேன்.

"போன வருசம் ஐநா சபை எண்டு குரல மாத்திப் போன் பண்ணினவன்தானே நீ?"

உண்மைதான். அன்று முழுக்க சட்டை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னால் எப்படி நம்புவார்?

அதனால் கேட்காமலே ஷெர்லின் வரியை முழுசாக எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடக் குனிந்த மாமா நிமிர்ந்தார். இங்கிலீஷ் தெரியாதவர், மகள் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"கட்டாயம் எழுதத்தான் வேணும்டா" என்று அக்கா கத்தியது எனக்கே கேட்டது. "விட்டா பிறகு பிள்ளைய எடுக்கேலாது."

மாமா பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ கொண்டுவந்தார். நான் பெரிய மனிதன் மாதிரி உறிஞ்சினேன்.

மாமா மறுபடி அந்த வரியில் விரல் வைத்தார்.

"அக்கா வாசிச்சுச் சொன்னவ. திருப்பூர் ஹாஸ்டல், இரண்டாம் மாடி, பதினேழாம் நம்பர் ரூம். பெத்த எனக்கே ரூம் நம்பர் தெரியாது. உனக்கு ஆர்றா சொன்னது?"