தம்புவின் கேமராவில் இரண்டு வருஷம்

பிரிக்ஃபீல்ட்ஸில் கனகசபையின் வீடியோ கடைக்கு யார் எந்தக் கேசட்டைத் தேடி வந்தாலும், அவர் தலை நிமிராமல் சொல்வது ஒன்றுதான்: "பூசணியக் கேளுங்க லா." கல்யாணமோ கோயில் திருவிழாவோ, கடையில் வேலை பார்க்கும் குணபூசணியின் கை நேராக அந்தக் கேசட் இருக்கும் அலமாரித் தட்டுக்குப் போகும். அந்த ஒரு வார்த்தைக்காகக் காய்ச்சலோடும் கடைக்கு வந்தவள் அவள்.

தொண்ணூற்றெட்டில் கிள்ளானிலிருந்து லத்தீஃபா வேலைக்கு வந்தாள். கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஒவ்வொரு படத்துக்கும் திரையில் அதே கட்டங்கள்: தலைப்பு, எடுத்தவர், தேதி, இடம், பொருள். வெளிநாட்டு நூலகங்களிலும் இதே முறைதானாம். ஏற்றி முடித்தவற்றுக்கு எண் ஒட்டி, வரிசை மாற்றி அடுக்கினாள். குணபூசணி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் கனகசபை ஒரு வாடிக்கையாளரிடம், "லத்தீஃபாவக் கேளுங்க" என்றார். குணபூசணிக்கு வாயிலிருந்த தேநீர் கசந்தது.

படத்தின் மூலையில் தெரியும் தேதியைப் பார்த்துத்தான் லத்தீஃபா தேதிக் கட்டத்தை நிரப்பினாள். கேமராக்காரர் தம்பு, கேமரா வாங்கிய நாளிலேயே அதன் கடிகாரத்தை இரண்டு வருஷம் பின்தங்க வைத்துவிட்டு, கடைசிவரை திருத்தவேயில்லை. குணபூசணிக்கு அது தெரியும். ஒரு சொல் போதும். 'படிச்சவதானே, கண்டுபிடிக்கட்டும்' என்று வாயை மூடிக்கொண்டாள்.

மாசிக் கடைசியில் சாலாக் செலாத்தானிலிருந்து இராஜம்மா வந்தாள். தொண்ணூற்றொன்றில் பத்துமலையில் அவள் கணவன் காவடி எடுத்தான். மறுவருஷம் இறந்துபோனான். அவன் நடமாடும் படம் வேறு எங்கும் இல்லை.

லத்தீஃபா தேடினாள். '1991, தைப்பூசம்' உடனே வந்தது. இராஜம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காவடி மேல் காவடியாகப் போனது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் குனிந்து பார்த்தாள். படம் முடிந்தது.

"அவரு வரவே இல்லையே, ஆயி. ஒருவேளை நான்தான் வருஷத்த மறந்துட்டேனா?"

குணபூசணி எழுந்தாள். "இருங்க, நான் எடுத்தாறேன்." பழகிய தட்டுக்குக் கை போனது. அங்கே யாரோ வீட்டுக் காதணி விழா இருந்தது. பக்கத்துத் தட்டிலும் எண்கள்தான். முதுகுக்குப் பின்னால் இராஜம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

திரும்பாமலே சொன்னாள்: "எண்பத்தொன்பதுன்னு தேடு. தம்பு கேமராவுல ரெண்டு வருஷம் கம்மி."

லத்தீஃபா 'எடுத்தவர் தம்பு, இடம் பத்துமலை, 1989' என்று தட்டினாள். ஒரே ஒரு படம் வந்தது. கொஞ்ச நேரத்தில் இராஜம்மா திரையைத் தொட்டாள். "இதோ இருக்காரு!" லத்தீஃபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

இராஜம்மா போனபின் லத்தீஃபா கேட்டாள்: "முன்னாலயே தெரியுமா, அக்கா?"

"நீ கேக்கலையே."

"கேட்டிருந்தா?"

 குணபூசணி தன் நாற்காலியைத் தூக்கி வந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டாள். "தம்பு எடுத்ததெல்லாம் வரிசையாக் கொண்டா. சொல்றேன், மாத்து."

லத்தீஃபாவின் விரல்கள் ஓடின. தம்புவின் படங்கள் அத்தனையும் ஒரே நொடியில் திரையில் வந்து நின்றன. குணபூசணிக்கு அந்த வேகத்தையும் பொறுக்க முடியவில்லை.