அக்கா கூட்டிப்போக வந்த சாயங்காலம்

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் கோடியில் ஒரு பாலவாடி இருந்தது. எனக்கு நாலு வயது. அப்பா பெங்களூரிலேயே தங்கி வேலை பார்த்தார். அம்மாவும் அங்கே ஒரு தையல் கம்பெனிக்கு விடியற்கால ரயிலில் போய், இருட்டிய பிறகுதான் திரும்புவாள். ஆகவே சாயங்காலம் என்னைக் கூட்டிப்போகும் பொறுப்பு, ஐந்தாம் வகுப்பு படித்த அக்காவுடையது. அதில் அவளுக்கு இருந்த மிடுக்கு கொஞ்சமல்ல. என் விரலைப் பிடிக்க மாட்டாள். மணிக்கட்டைத்தான் பிடிப்பாள், போலீஸ்காரர் மாதிரி.

அந்த மழைக்காலத்தில் பக்கத்து லைனில் ஒரு பையன், தம்பியைக் கூட்டிப்போகும் வழியில் அறுந்த பட்டத்தின் பின்னால் ஓடிவிட்டான். மூடிப்போன சுரங்க ஷாஃப்ட் ஒன்றின் உடைந்த வேலிக்கு உள்ளே, விளிம்பில் உட்கார்ந்து கல் போட்டு விளையாடிக்கொண்டிருந்த சின்னவனை, ஆடு மேய்த்தவர் ஒருவர் தூக்கிவந்தார். மறுநாளே பாலவாடி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பெரியவர்கள் வந்தால்தான் குழந்தையை அனுப்புவேன்.

அக்கா வந்தாள். டீச்சர் அனுப்பவில்லை. எங்கள் இருவரையும் தானே நடத்திக் கூட்டிவந்து பக்கத்து வீட்டில் விட்டுப் போனார். அக்கா வழியெல்லாம் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

அடுத்த நாள் வாசலில் ஒரு விசித்திர உருவம் வந்து நின்றது. அம்மாவின் புடவை, அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் பள்ளிச் சீருடை, நெற்றியில் பெரிய பொட்டு, தோளில் அம்மாவின் பழைய பை. கொசுவம் அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் டீச்சர்.

"நான் இவனோட சித்தி. வேலூர்லேர்ந்து வந்துகிறேன்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து, அவிழ்ந்துகொண்டிருந்த முந்தானையை எடுத்து அவள் தோளில் போட்டார்.

"வழில எவனாவது வந்து புடிச்சா இன்னா பண்ணுவ?"

"கத்துவேன். தம்பிய வுடமாட்டேன்."

"சரி, தம்பிய நீ பாத்துக்குவ. உன்ன யாரு பாத்துக்குவாங்க?"

 அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது போல நின்றாள்.

டீச்சர் அன்று வீட்டுக்குப் போகவில்லை. மிச்சமிருந்த உப்புமாவை அக்காவுக்குக் கொடுத்தார். தின்றுவிட்டு அவள் என் பாயில் படுத்துத் தூங்கிப்போனாள். என் பாயில் அவள் எப்படிப் படுக்கலாம் என்று நான் அழுதேன்.

ஸ்டேஷனிலிருந்து வந்து, பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொண்டு ஓடிவந்த அம்மா, புடவைக்குள் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். டீச்சர் மெதுவாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. இதுவும் கொழந்ததாங்க."

 ஒரு பிள்ளை அம்மாவின் தோளிலும் ஒரு பிள்ளை டீச்சரின் இடுப்பிலுமாக வீடு போய்ச் சேர்ந்தோம்.

அந்த மாதத்தோடு அம்மா வேலையை விட்டாள். ஆசையாகக் கற்ற தொழில். மிஷினில் அவள் கைவேகத்தைப் பார்த்து, சீக்கிரம் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்களாம். பிறகு எந்தக் கம்பெனிக்கும் அவள் போகவேயில்லை.

போன மாதம் பெங்களூரில், தன் மகளைக் கூட்டிவர ஒரு டேகேர் வாசலில் நின்றிருந்தபோது அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "அன்னிக்கு நான் பொடவைய ஒழுங்கா கட்டினு போயிருந்தா அம்மா வேல போயிருக்காதுடா." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அம்மா பகலெல்லாம் வீட்டில் இருந்த அந்த முதல் நாட்கள் எனக்குத் திருவிழா. தட்டுக்கு எதிரே அம்மா உட்கார்ந்திருக்க, அக்கா மட்டும் ஏன் தலை நிமிராமலே சாப்பிட்டு எழுந்து போனாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.