தோளைத் தட்டாதீங்க, பல்பைப் போடுங்க

என் மகள் கவிதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. 2007-ல் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் லேத் வேலை படிக்கச் சேர்த்தேன்.

ஒருநாள் அவள் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோது, சொல்லிக்கொடுக்கும் சார் பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டிவிட்டார். திடுக்கிட்டுத் திரும்பியதில் அவள் கை, சுற்றுகிற இரும்புப் பக்கம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மாணவி சட்டென்று மெஷினை நிறுத்தினாள். கை தப்பியது, சட்டை மட்டும் கிழிந்தது.

தகவல் வந்ததும், நான் வேலை செய்த கம்பெனியின் யூனிஃபார்மோடு ஓடினேன். பிரின்சிபால், "காது கேக்காத பொண்ணும்மா, தையல்ல சேத்துடுங்க, பேஜாரு இல்ல" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சார் பேசறீங்க? மெஷின் ஓடிக்கினு இருக்கறப்போ பின்னாலருந்து தட்னா உங்களுக்கே தூக்கிவாரிப் போடும். கூப்புடற விதத்த மாத்துங்க. எம்பொண்ணு லேத்த வுட்டு நவுர மாட்டா" என்றேன். நானும் நகரவில்லை.

கடைசியில் அவள் கண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு பல்பு மாட்டி, ஸ்விட்சை சார் மேஜையில் வைத்தார்கள். அது எரிந்தால் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பாள். ஜெனரேட்டர் இரைச்சலில் சார் கத்துவது யாருக்கும் கேட்காதபோது, மற்ற பிள்ளைகளும் அந்த பல்பைத்தான் பார்த்தார்கள்.

முன்பெல்லாம் எங்கே போனாலும், "எம்பொண்ணச் சேத்துக்குவீங்களா சார்?" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். படிப்பு முடிந்ததும் அவளை ஒரு கம்பெனிக்கு வேலைக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே கேட்டுவிட்டேன்: "பல்ப எங்க மாட்டப் போறீங்க?"