இரண்டு பூசை, ஒரே மெட்டு

என் பாட்டு நோட்டில் எப்போதும் மீன் கவிச்சி அடிக்கும். பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீடு ஒற்றை அறை; அம்மாவின் மீன்கூடை இருக்கும் மூலையில்தான் என் புத்தகப் பையும் கிடக்கும், பிறகு நோட்டு மட்டும் மல்லிகையாக மணக்குமா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் ஆறு மணிக்குத் தமிழ்ப் பூசை, எட்டு மணிக்கு இங்கிலீஷ் பூசை. பல பாட்டுகளுக்கு இரண்டிலும் மெட்டு ஒன்றுதான் என்பதைப் பத்து வயதில் நானாகவே கண்டுபிடித்தேன். அதில் இன்றும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆறு மணிக்கு அம்மாவோடு பாடிவிட்டு, எட்டு மணிக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவரின் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஆங்கில வரியை எழுதி, அதற்கு நேரே மெட்டு மாறாமல் தமிழ் வரியையும் எழுதிக்கொள்வேன். 'லீட்' என்றால் வழிநடத்து, 'லிஃப்ட்' என்றால் தூக்கு, 'ஃபர்கிவ்' என்றால் மன்னித்துவிடு. வினைச்சொல் முன்னால் வரும், கேட்கிற பொருள் பின்னால் வரும் என்று இலக்கணமும் பிடிபட்டது. ஒரே குறை, பாட்டில் எல்லாரும் கடவுளிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள், தன்னைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஆகையால் எனக்கும் ஆங்கிலத்தில் கெஞ்ச மட்டும்தான் தெரியும்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தே தீருவது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். "இந்தக் கூடை என்னோட போவட்டும்" என்பதுதான் அவள் பேச்சு. ராஜா அண்ணாமலைபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனோம். கூடையைத் தெருமுனைக் காய்கறிக்காரியிடம் விட்டுவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிக்கொண்டு வந்தவள், உள்ளே வராமல் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார் தலைமையாசிரியை. பேனா நகரவே இல்லை. கடைசியில் தெரிந்ததை எழுதினேன். என்னை ஆறாம் வகுப்புக்கு வழிநடத்தும். என் தமிழ் மீடியத்தை மன்னியும். அப்பா போகும் கடலை அமைதியாக்கும். அம்மாவின் தலையிலிருந்து கூடையைத் தூக்கிவிடும். எங்களை விட்டுத் தூரம் போகாதேயும்.

முதல் இரண்டு வரிக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான்காவது வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா மீன் விக்கிறாங்களா?"

தலையாட்டினேன். அந்த வரியின் கீழ் மட்டும் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் சேர்த்துக்கொள்ளும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சீட்டுக் கிடைத்ததைச் சொன்னதும் அம்மா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். தெருமுனை வருவதற்குள் மெல்லக் கேட்டாள்: "இன்னா எழுதின? என்னப் பத்தி எதுனா எழுதினியா?"

எழுதியதெல்லாம் தப்பு என்கிற வெட்கம் எனக்கு. இல்லையென்று சொல்லிவிட்டேன்.

"நல்லதாப் போச்சு. மீன்காரி பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது பூசையில் பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன. நோட்டு வைத்திருப்பவர் யாரையும் காணோம். நான் அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். தான் அன்று உள்ளே வராமல் ஒளிந்துகொண்டதால்தான் மகளுக்குப் படிப்புக் கிடைத்தது என்று அம்மா சாகும்வரை பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். உன்னைப் பற்றி எழுதிய வரியால்தான் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல்லப் பாவி எனக்கு வாய் வரவில்லை.