முதலாளி பேசாமல் இருந்த முப்பது நாள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் மிளகில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும். ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தால் போதும், அது எத்தனை நாள் வெயில் கண்டது, நடுவில் மழையில் நனைந்ததா என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கு மலைமேல் அரியூர் நாடு என்கிற எங்கள் ஊரில் எனக்குச் சொந்தமாக ஒரு மிளகுக் கடை இருக்கிறது. அதை நான் ஒற்றை ஆளாகக் கட்டி எழுப்பினேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். அதற்கு முன்னால் கழிந்த முப்பது நாளை மட்டும் அவ்வளவாகச் சொன்னதில்லை.

சேந்தமங்கலத்தில் ஒரு மிளகு மண்டியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். மூட்டை தூக்கத்தான் சேர்ந்தேன். இரண்டே வருடத்தில் என் பல்லின் அருமை முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஜீப்பில் மலையேறிப் போய், களத்தில் காய்கிற மிளகைக் கடித்துப் பார்த்து, பேசி முடித்து ஏற்றிக்கொண்டு வருவது என் வேலையானது. எனக்கென்று ஒரு நாற்காலியும் போட்டார்.

ஐம்பத்தேழு வயதில் தனியாகக் கடை போடும் ஆசை வந்தது. ஒருநாள் காலை முதலாளி டீ குடிக்கும்போது, வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த அவர் மகள்தான், எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். எனக்குக் கையெழுத்துப் போடத்தான் நன்றாக வரும். அதனால் என் ராஜினாமாவை அவளே அடித்து எனக்குப் படித்தும் காட்டினாள். அதில் 'மிகுந்த வருத்தத்துடன்' என்று இருந்தது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லையே என்றேன். "அப்படித்தானுங்கண்ணா எழுதறது" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

அன்றோடு முதலாளி என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நான் இரண்டு முழத் தூரத்தில் நிற்பேன். அவர் எடை போடுகிறவரைக் கூப்பிட்டு, "அந்தாளை அந்த மூட்டைய நவுத்தச் சொல்லு" என்பார். எடை போடுகிறவர் என் பக்கம் திரும்பி அதையே திரும்பச் சொல்வார். நான் பதிலை அவரிடம் சொல்ல, அவர் முதலாளியிடம் சொல்வார். என் நாற்காலியும் போய்விட்டது. மூட்டைமேல் உட்கார்ந்தேன். நான் தொடங்கிய இடம் அதுதான், எனக்கு அதில் குறைச்சல் இல்லை.

வந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய், எனக்கு அக்கா முறையாகும் ஒருவரிடம் கடை போடப்போகிற சேதியைச் சொன்னேன். எங்கள் ஊரில் பெரிய மிளகுத் தோட்டம் அவருடையது. அவர் யாருக்குக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் ஊரே கொடுக்கும். களத்தில் மிளகைக் கையால் துழாவிக்கொண்டே கேட்டார்.

"உம்மொதலாளி வாயால போயிட்டு வான்னு சொல்லிட்டாரா கண்ணு?"

எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"காகிதம் கெடக்குது. வாயால சொல்லாம வந்தவனுக்கு மொத மூட்டைய நாங் குடுத்தா, நாளைக்கு எங்கிட்டயும் சொல்லாமத்தான் போவ."

அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. பேச்சையே நிறுத்திய மனிதரிடமிருந்து 'போயிட்டு வா' என்ற ஒரு சொல்லை நான் வாங்கியாகவேண்டும். இல்லாவிட்டால் கடை இருக்கும், மிளகு இருக்காது.

என் நாற்காலியில் முதலாளியின் மச்சினர் வந்து உட்கார்ந்தார். ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான் இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று ஷூ. ஈரம் பார்க்கிற மிஷின் ஒன்றும் வைத்திருந்தார். நான் கடித்துச் சொன்னதையே அந்த மிஷினும் சொன்னது. நல்ல மிஷின் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் ஜீப்பில் மலையேறினார். முதல் நாள் ஜீப் காலியாக வந்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. ஜீப் டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். மச்சினர் ஷூவோடு களத்துக்குள் கால் வைத்துவிட்டாராம். மிளகோ தானியமோ கிடக்கிற களத்தில் எங்கள் ஆட்கள் செருப்போடு மிதிக்கமாட்டோம். திருப்பூரில் வேலை செய்துவிட்டு வருகிற பிள்ளைகள்கூட வரப்பிலேயே கழற்றிவிட்டு வரும். கழற்றச் சொன்னபோது இவர் காதில் விழாத மாதிரி இருந்தாராம். அக்கா மிளகைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, விற்கிறதில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு ஊரில் ஒரு களத்திலும் தார்ப்பாய் விலகவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாள் காலை இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன். நான் இல்லாவிட்டால் மண்டி நடக்காது என்று நான் எப்போதும் சொல்வதுதானே. வீட்டுக்காரியும், "பேசாம இருங்க. அத்தனையும் நம்மூட்டுக்குத்தான் வரும்" என்றாள். ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் ஜீப் வெறுமனே தடதடவென்று வந்து நின்ற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருடத்தில் அந்த ஜீப்பை நான் ஒருநாள்கூடக் காலியாகக் கொண்டுவந்ததில்லை. நான் இன்னும் அந்த மண்டி ஆள்தான். காலி ஜீப் என் கணக்கிலும்தான் சேரும்.

நான்காம் நாள் யாரும் கூப்பிடாமல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். மச்சினர் நகர்ந்து இடம் விட்டார். பத்துக் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும், ஷூவைக் கழற்றினால் என்ன என்று நேராகவே கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சக்கரைங்க. போன வருசம் ஒரு கால் வெரல எடுத்துட்டாங்க. வெறுங்கால்ல நடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. களத்துக்குக் களம் இதச் சொல்லிக்கிட்டு நிக்க முடியுங்களா?"

நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். இன்னும் இரண்டு வளைவு போனபிறகு தலையாட்டினார்.

அவரை வரப்பில் ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு அக்காவிடம் போனேன். சொன்னேன். அவர் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு. "வாயத் தொறந்து சொன்னா என்னவாம்? ஆம்பளைங்களுக்கு வெரலு போனாலும் வீறாப்புப் போறதில்ல" என்றார். தார்ப்பாயை விலக்கி, ஒரு முறம் நிறைய மிளகை அள்ளி, அவரே வரப்புக்குக் கொண்டுபோய் மச்சினர் முன்னால் வைத்தார். மச்சினர் மிஷினில் போட்டுப் பார்த்துச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு மணியைக் கடித்தேன். ரெண்டும் ஒண்ணுதான் என்றேன்.

அன்று ஜீப் நிறைந்து இறங்கியது. அதன்பிறகு வரப்புத்தான் மச்சினருக்கு ஆபீஸ். முறம் அவரைத் தேடி வந்தது.

முதலாளி அப்போதும் பேசவில்லை. முப்பதாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை சாத்தும் நேரம். "அந்தாளை…" என்று தொடங்கியவர் திரும்பிப் பார்த்தார். எடை போடுகிறவர் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார். வேண்டுமென்றே போனாரா என்று இன்றுவரை கேட்கிறேன், சிரிக்கிறாரே தவிரச் சொல்வதில்லை. மகளும் மச்சினரும் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள். முதலாளிக்கு என்னைத் தவிர ஆள் கிடையாது.

"நீ எதுக்கப்பா அன்னிக்கு ஜீப்புல ஏறுன? காலியா வந்திருந்தா ஒனக்குத்தான நல்லது?"

"அன்னிக்கு நான் உங்க ஆளுதானுங்களே."

சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, போயிட்டு வா" என்றார். நான் படி இறங்கியதும், "மேல கடையப் போட்டுட்டு இந்தப் பக்கமே வராம இருந்துராத" என்றார்.

மறுநாள் காலை வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு. கடைக்காரன் ஆகிவிட்டேன் அல்லவா, அதற்காகவே வாங்கியது. முதலாளி வாய் திறந்த சேதி ஜீப் டிரைவர் மூலம் எனக்கு முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டிருந்தது. அக்கா களத்தில் சாக்கு விரித்துக் காத்திருந்தார். கையை வீசிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன்.

"ஏனுங்க மொதலாளி" என்றார் அக்கா. "செருப்பு."

குனிந்து பார்த்தேன். ஒரு கால் ஏற்கெனவே களத்துக்குள் இருந்தது. திரும்பிப் போய் வரப்பில் கழற்றிவைத்துவிட்டு வந்தேன். அக்கா ஒரு கை மிளகை அள்ளி நீட்டினார். கடித்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.