பூட்டைப் பார்க்காமல் சாவி தராதவர்

கரீம் பாயைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலை. பாப்பிரெட்டிப்பட்டியில் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம் வைத்திருக்கும் சரோஜாம்மா டிரங்க் கால் போட்டுப் புலம்பிவிட்டு அப்போதுதான் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் எழுதி விற்ற ஜாதக புரோகிராம் கெடு முடிந்து பூட்டிக்கொண்டதாம். "ஆவணி முகூர்த்தம் சார். பொருத்தம் பாக்க வந்தவங்க எல்லாம் எதிர்த்த ஜோசியர்கிட்டப் போறாங்க. இருந்த வேலைய விட்டுட்டுத் தொடங்குன கடைங்க, இழுத்து மூட வெச்சுடாதீங்க" என்றார்.

"எங்கே போய்த் தொலைந்தார் இந்த பாய்" என்று நான் கத்தியபோது அவர் தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "விடியக்காலையில பஜ்ர் தொழுதுட்டு வந்து படுத்தாருங்க. எந்திரிக்கவே இல்லீங்க" என்றார்.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். எங்கள் புரோகிராமுக்கு வருடத்துக்கு ஒரு சாவி. புதிதாகப் போடும்போதும் கெடு முடியும்போதும் கடைக்காரரின் திரையில் ஓர் எண் வரும். அந்த எண்ணையும் கடைப் பெயரையும் தருமபுரியில் எங்கள் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரே வரிக் கட்டளையாகத் தட்டினால், கீழே சாவி எண் வந்து விழும். போனில் கேட்டு, போனிலேயே சொல்லிவிடலாம். அதற்காகத்தான் பாய் மண்டையை உடைத்துக்கொண்டு அதை எழுதினார். எழுதி முடித்துவிட்டு, போனில் யாருக்கும் சாவி தரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார்!

"பூட்டப் பாக்காம சாவி போடக் கூடாதுங்க. எங்க அத்தா கடையில அதான் சட்டம்."

அவர் அப்பா கடைவீதியில் பூட்டு ரிப்பேர் செய்தவர். "பாய், இது பித்தளைப் பூட்டு இல்ல" என்று தலையில் அடித்துக்கொள்வேன். சிரித்துக்கொண்டே, சாவி எண் போட்டுத் தரும் அந்தக் கட்டளை இருந்த பிளாப்பியை ரெக்சின் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அதுவும் ஒரே ஒரு பிளாப்பி. கெட்டுப்போனால் நம் கதி என்ன, ஒரு நகல் எடுங்கள் என்று கெஞ்சினால், "ரெண்டு இருந்தா ரெண்டையும் காவல் காக்கணுமுங்க" என்பார். இந்த மனிதரோடு எப்படித் தொழில் செய்வது?

போன வருடம் ஆடியில் சரோஜாம்மா முதல் சாவி கேட்டார். வழக்கம்போல் பஸ். எரிச்சலோடு நானும் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் ஆவணித் தேதி ஓடிக்கொண்டிருந்தது. "ஆடியில யாராச்சும் புதுசா தொடங்குவாங்களா சார்? அதான் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆவணி முகூர்த்தத்த வெச்சுட்டேன்" என்றார் அந்த அம்மா, வெகு சாதாரணமாக. தேதியைப் பின்னால் இழுத்தால் பூட்டிக்கொள்ளும்படி பாய் எழுதியிருந்தார். போனில் சாவி கொடுத்திருந்தால், அந்த அம்மா தேதியைச் சரிசெய்த நிமிடமே பூட்டியிருக்கும். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சரி, தேதியைத் திருத்திச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம் என்றேன். அதுவும் நடக்கவில்லை. "அந்தம்மா மனசுக்கு ஆகலைனா வேணாமுங்க. ஆவணியிலயே வரலாம்." வெறுங்கையோடு திரும்பினோம். ஆவணியில் மறுபடியும் பஸ்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் தம்பி அந்த ரெக்சின் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றே சரோஜாம்மா மறுபடி கூப்பிட்டு எண்ணைச் சொன்னார். பிளாப்பியைச் செருகி, எண்ணையும் கடைப் பெயரையும் தட்டினேன். கடைசி விசையை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பிளாப்பியை வெளியே எடுத்துவிட்டேன்.

"வைங்கம்மா. நேர்ல வரேன்" என்றேன்.

செத்தும் என்னை அலைய வைக்கிறாரே என்று வழியெல்லாம் பாயைத் திட்டிக்கொண்டே போனேன். அங்கே தேதி சரியாக இருந்தது. எண்ணும் சரியாக இருந்தது. எல்லாம் போனிலேயே முடிந்திருக்கும். சாவி போட்டதும் புரோகிராம் திறந்தது, பொருத்தம் பார்க்கக் காத்திருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். சரோஜாம்மா எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். ரெண்டு டீ சொல்லி வைத்திருந்தார்.

"பாய் வரலீங்களா சார்?"

அதைப் போனில் சொல்லியிருக்க முடியாது.

பிளாப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.